புளியங்கொட்டைப் பரீட்சை

"நான் மல்லாட்டைக் காட்டுல இருக்கச்சொல்ல நீங்க நடத்துற பாடமெல்லாம் எங்க டீச்சர் போவும்?"

பொன்னி என்றோ கேட்ட கேள்வி. பெருமுக்கல் பள்ளியின் ஜெயம் டீச்சர் அதை மறக்கவில்லை. மறுநாளிலிருந்து, மல்லாட்டை என்னும் நிலக்கடலை பிடுங்கும் கூலிக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்காக, அந்தியிலும் அதே பாடத்தை நடத்தினாள்.

எழுத வராத பிள்ளை கணக்கைப் புளியங்கொட்டையில் அடுக்கிக் காட்டலாம். வாய் திக்கும் சின்னக்கண்ணு பதிலைப் பாடிச் சொல்லலாம். பரீட்சையும் அவரவருக்கு முடிந்தபடிதான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம். அன்று பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பரீட்சைக்கு இல்லாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அந்திவரை அவரை எப்படியாவது நிறுத்தி வைப்பதாகத் தலைமை ஆசிரியர் விருத்தாசலம் முந்தின நாள்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் இன்ஸ்பெக்டர் மாலை ரயிலுக்குத் திண்டிவனம் போயாக வேண்டுமாம். வகுப்பில் பாதி இடம் காலி. மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்.

ஜெயம் வாய் திறக்குமுன் விருத்தாசலம் முந்திக்கொண்டார். "அதுங்க இங்க வராதுங்க சார். காட்டுல மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்குங்க."

ஜெயத்தின் கையிலிருந்த சாக்குக்கட்டி ஒடிந்தது.

அவர் அத்தோடு விடவில்லை. மேசைமேல் இருந்த புளியங்கொட்டைப் பையைக் காட்டி, இந்த டீச்சரம்மா பரீட்சை வைக்கும் விதமே வேறு என்று சிரித்தார். பையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாங்க சார், ஜல்தியா கெளம்பினா ரயிலப் புடிச்சிடலாம்" என்று இன்ஸ்பெக்டரை ஜட்கா வண்டியில் ஏற்றித் தானும் ஏறினார். வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார், ஜெயத்தின் முகத்தைப் பார்க்காமலே.

போன வருஷம் விருத்தாசலம் மலேரியாவில் படுத்தபோது, அவர் வேலை போய்விடாமல் அவர் வகுப்பையும் சேர்த்து நடத்தியவள் அவள். அதை யாரிடமும் சொன்னதில்லை. கைம்மாறு எதையும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதாள். 'ஆண்டவரே, அந்த மனுஷரை மன்னிக்க எனக்கு மனசைத் தாரும்' என்று ஜெபிக்கப் பார்த்தாள். பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை.

அந்தியில் விளக்கேற்ற வகுப்புக்குள் வந்தாள். மேசைமேல் பை திரும்பி வந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. உள்ளே கைவிட்டாள். புளியங்கொட்டைகளுக்கு நடுவே, மண்கூட உதிராத பச்சைக் கடலைகள் தட்டுப்பட்டன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வாசலில் பொன்னி நின்றாள். பாவாடையெல்லாம் செம்மண். இனி உனக்கு இங்கே இடமில்லை என்று இந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? ஜெயம் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னி கிட்டே வந்து, ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரிய வாத்தியாரு ஒங்ககிட்ட சொல்ல வேணான்னாரு. போற வழியில ஜட்கா எங்க காட்டாண்ட நின்னுச்சு. சின்னக்கண்ணு பாட்டுக்கு இன்ஸ்பெட்டரு தாளம் போட்டாரு. நாங்க எல்லாரும் பாஸு."

பிறகு சிரித்தாள்.

"இன்னிக்கிப் பாடம் காட்டுக்கே வந்துடுச்சு டீச்சர்."