தோற்பதற்கென வந்தவள்

அவள் தோற்பதற்கென்றே வந்திருக்கிறாள் என்பது ஒன்பதாவது நகர்விலேயே நிருஷனுக்குத் தெளிவாகிவிட்டது. வெள்ளைக் குதிரையைப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆரணி கடிகாரத்தை அழுத்தினாள். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அந்த நகர்வு அவனுக்கு மனப்பாடம். உலகறிந்த கிராண்ட்மாஸ்டர் ஒருவர் பதினான்கு வயதில் வென்ற ஆட்டத்தில், அவரிடம் தோற்றவர் செய்த அதே பிழை. அந்தக் கிராண்ட்மாஸ்டரின் பக்கமிருந்தே பலகைப் படங்கள் வரையப்பட்ட ஒரு புத்தகத்திலிருந்து, அவருடைய இளமைக்கால ஆட்டங்கள் நாற்பதையும், உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களைப் பாடமாக்கியதைப் போலவே, நிருஷன் இரண்டு ஆண்டுகளாகப் பாடமாக்கியிருந்தான். கறுப்புக் காய்களோடு அமர்ந்திருந்த அவன் இனி மாதிரி விடையை எழுதினால் போதும்.

உடுவில் மண்டபத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் வெல்பவருக்கே மாகாண அணியில் எஞ்சியிருந்த ஒரே இடம். அதை உழைத்துப் பெறவே அவன் சண்டிலிப்பாயிலிருந்து வந்திருந்தான். பிச்சையாகப் பெற அல்ல.

தெரிவுக்குழுவில் அவனுடைய தாய்மாமன் குகதாசன் இருந்தார். ஐயம் அங்கேதான் போய் நின்றது. பதினைந்தாவது நகர்வைச் செய்துவிட்டு எழுந்து அவரிடம் போனான்.

"மாமா, அந்தப் பிள்ளையிட்டை ஏதும் கதைச்சனீங்களோ?"

"என்னத்தை?"

"எனக்குத் தோக்கச் சொல்லி."

"விசரோ உனக்கு? மயிலிட்டியிலையிருந்து வந்த பிள்ளை. பேரே இண்டைக்குத்தான் கேள்விப்பட்டனான். காலமை வாசல்லை சதுரங்கப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. எப்பிடி இதுவரைக்கும் வந்ததோ தெரியாது." மாமன் வாயைப் பொத்திச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நிருஷன் நம்பவில்லை. திரும்பி வந்தபோது, அவளுடைய அடுத்த பிழை பலகையில் காத்திருந்தது. அவள் விட்டுக்கொடுத்த சிப்பாயை, பிறருடைய எச்சில் இலையிலிருந்து எடுப்பதுபோல் இரு விரல்களால் தூக்கினான். விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தங்கச்சி, உமக்கு வெக்கமா இல்லையோ?" என்றான் தணிந்த குரலில்.

"ஏன் அண்ணை?"

"உப்பிடி வெண்டு அணிக்குப் போறதிலும் பாக்க நான் வீட்டிலை இருக்கலாம்."

"நீங்கள் இன்னும் வெல்லேல்லையே," என்றாள் ஆரணி, பலகையிலிருந்து கண்ணெடுக்காமல்.

இருபத்திரண்டாவது நகர்வில், புத்தகத்தில் உள்ளபடியே தன் கோட்டைக் காயைப் பலியாக வைத்தான். அவள் அதை வெட்டுவாள். ஆறு நகர்வுகளில் எல்லாம் முடியும். அப்படி வரும் வெற்றியை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் வெட்டவில்லை. தன் ராசாவை ஒரு கட்டம் விலக்கி வைத்தாள்.

நிருஷன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிராண்ட்மாஸ்டரின் பதினான்கு வயது அவசரம் விட்டுச்சென்ற ஓட்டை ஒன்று அவன் பக்கத்தில் அப்பட்டமாகத் திறந்து கிடந்தது. பாடமாக்கிய நாற்பது ஆட்டங்களிலும் அதற்கு விடை இல்லை.

பன்னிரண்டு நிமிடங்கள் கழித்துத் தன் ராசாவைச் சாய்த்தான். இம்முறை அந்த அருவருப்புக்கு உரியவர் எதிரே இருந்தவள் அல்ல, அவனேதான்.

"உமக்கும் அந்தப் புத்தகம் பாடம்தானே? கிராண்ட்மாஸ்டரைப் படிச்ச ஆள் ஏன் உந்தப் பிழையெல்லாம் விட்டனீர்?"

காய்களைப் பெட்டியில் அடுக்கியபடியே ஆரணி சொன்னாள்:

"நான் அவரிட்டைத் தோத்தவரைப் படிச்சனான், அண்ணை."