பூஞ்சிட்டு

பிரகதீஸ்வரி பாறைமேல் உட்கார்ந்ததுதான் தாமதம். ஒரு குரல் வந்து விழுந்தது.

"அட, படுத்துருச்சே மாடு!"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிர்ச் சரிவில் ஒருவர் வெறுங்காலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, அரைக்கால் சட்டை, வியர்வையில் ஊறிய பனியன். மார்பில் போட்டி எண் எதுவும் இல்லை.

"யாரைங்க மாடுன்னு சொல்றீங்க?"

"கோவிக்காதீங்க தாயி. பேரு சிவசாமி. மாட்டுவண்டிப் பந்தயத்துல துணைச்சாரதி. வண்டிக்குப் பக்கத்துலயே ஓடி மாட்டை வெரட்டுறதுதான் நம்ம வேலை. நின்ன மாட்டைக் கண்டா வாய் சும்மா இருக்காது."

பிரகதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீரனூர்த் தபால் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காக நாற்காலியைத் தேய்த்தவள் அவள். குன்றுகளையும் ஆடு மேயும் பொட்டல்களையும் கடந்து முப்பது கிலோமீட்டர் ஓடும் இந்த மலைத்தட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே கணவன் வசந்தோடு வந்த வீம்பினால்தான்.

"பாதியில ஆட்டோ பிடிச்சு வந்து இறங்கப் போற, பாரு!" என்று அவன் சிரிக்க, பந்தயம் முடிவாயிற்று. நண்பகலில் முடிவுக்கோட்டுக் கொடியை இறக்குவதற்குள் அவள் வந்து சேர்ந்தால், ஒரு மாதம் சமையல் அவனுடையது. சேராவிட்டால், புது ஷூ பரணுக்குப் போகும். அவளுடைய ஓட்டமும் அதோடு சரி.

இப்போது எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். கால் விரல்களில் கொப்புளம். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தான்.

"நான் இதோட நிறுத்திக்கிறேன். நீங்க ஒங்க வேலையைப் பாருங்க."

"நிறுத்துங்க, யாரு வேணாம்னா? பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடுன்னு பந்தயத்துல பிரிவு இருக்கு. எல்லாத்துக்கும் கீழ பூஞ்சிட்டு. இப்பத்தான் ஓடப் பழகுற கன்னுக. அதுககூட நடுவழியில குந்தி நான் பாத்ததில்ல தாயி."

சுருக்கென்றது. எழுந்தாள்.

"ஹை! ஹை! ஏந்திரிச்சிருச்சு பூஞ்சிட்டு!"

இந்த ஆளிடமிருந்து தப்பினால் போதும் என்று ஓட்டமெடுத்தாள். அவரோ நிழல்போல் பக்கத்திலேயே ஓடிவந்தார்.

"எடத்து மாடு முள்ளுப் பக்கம் போகுது! இங்கிட்டு, இங்கிட்டு!"

அவளுடைய இடக்கால்தான் அவருக்கு இடத்து மாடு. பொட்டலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

"இந்தாங்க." மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "தண்ணி காட்டாம மாட்டை ஓட்டுனா பாவம்."

வெடுக்கென்று வாங்கிக் குடித்தாள். நன்றி சொல்லவில்லை.

"போட்டியில சேர ஒங்களுக்குத் தைரியமில்ல. ஓடுறவங்களைக் கேலி பண்ண மட்டும் வாய் இருக்கு!"

"இனிமே வாய்க்குத்தானே தாயி வேலை? காலு வேலைதான் முடிஞ்சு போச்சே."

கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. கொப்புளத்தின் எரிச்சலை அது விழுங்கிவிடும். கடைசிக் குன்றில் ஏறியதும் அவளுக்கு நினைவில்லை, இறங்கியதும் நினைவில்லை. "ஹை! ஹை!" மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

முடிவுக்கோட்டில் கொடியை இறக்க ஒருவர் கயிற்றில் கைவைத்துவிட்டார்.

"இறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே போய்க் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள்.

கூட்டம் கைதட்டியது. வசந்த் திறந்த வாயை மூடவில்லை.

"ஏங்க, ராத்திரியே உளுந்து ஊறப்போடணும். மறந்துடாதீங்க" என்றாள் மூச்சிரைக்க.

அடுத்த வேலை ஒன்று பாக்கி இருந்தது. நேரே போட்டி அமைப்பாளர் ஆத்மநாதனிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு புகார். போட்டியில சேராத ஆளை எல்லாம் ஓடுற பாதையில எதுக்கு விடுறீங்க? அதோ, அந்த மனுஷன் வழியெல்லாம் என்னை மாடு, கன்னுன்னு சொல்லி வெரட்டிக்கிட்டே வந்தாரு. நெம்பர்கூட இல்ல அவருக்கு!"

சிவசாமி கொஞ்ச தூரத்தில், ஒரு வேப்பமரத்தடியில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கால்களும் பாறைச் சூட்டில் சிவந்து கிடந்தன.

ஆத்மநாதன் மேடையைத் திரும்பிப் பார்த்தார். முதல் பரிசுக் கோப்பை, வாங்க ஆளில்லாமல் மேசைமேல் மின்னிக்கொண்டிருந்தது.

"நெம்பர் இருந்துச்சும்மா. மொத ஆளா ஓடி முடிச்சதும் நாங்கதான் கழட்டி வாங்கிக்கிட்டோம். அப்பவே கோப்பையையும் நீட்டுனோம். 'கடைசி வண்டி இன்னும் கொடியத் தொடலையே, அதுக்குள்ள மொத வண்டிக்கு என்னங்க பரிசு?'ன்னு கேட்டுட்டு, குடிக்கக் கொடுத்த தண்ணி பாட்டிலோட வந்த வழியே திரும்பி ஓடிட்டாரு!"