நாய்க்கு மட்டும் மலை

கூடாரம், டார்ச், கயிறு, தண்ணீர்க் குடுவை எல்லாம் கூடத்தில் பரப்பிக் கிடந்தன. பிள்ளைகள் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

"மொட்டைவாலனைக் கட்டியே வைக்கணும்பா. மலையில வழி தெரியாமத் தொலைஞ்சிடுவான்" என்றான் மகன், நாயைக் காட்டி.

"இவனா? அந்த மலைக்கு என்கூட நூறு தடவை வந்திருக்கான்டா!" என்றார் அப்பா.

மகள் இடுப்பில் கை வைத்தாள். "நூறு தடவையா? எங்களை ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகல. உங்களுக்கு நாய்தான் செல்லப்பிள்ளை!"

"நல்லாக் கேளுடி" என்று ரொட்டியைப் பொட்டலம் கட்டியபடியே அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

"அதான் இப்போ போறோமே! ஏறுங்க வண்டியில" என்று அப்பா நழுவினார்.

மலையடிவாரத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டே குதித்து இறங்கினார்கள். நாய் மட்டும் ஓடவில்லை. அப்பாவின் எதிரே விறைப்பாக உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது.

"ஏம்பா விளையாட வரமாட்டேங்குறான்?"

"காணாமப் போனவங்க துணியை மோந்து பார்க்கக் குடுப்பேன்னு காத்திருக்கான்மா. மீட்புப் படையில எட்டு வருஷமா இங்கே அதுக்குத்தானே வந்தோம். நேத்தோட அவனுக்கு ஓய்வு குடுத்துட்டாங்கன்னு அவனுக்கு எப்படிப் புரியும்?"

மகள் சட்டென்று காலுறையைக் கழற்றி நாயின் மூக்கில் நீட்டிவிட்டு, மரங்களுக்குள் ஓடி மறைந்தாள்.

"தேடு!" என்றார் அப்பா.

நாய் பாய்ந்தது. ஒரே நிமிடம்தான்.

"ஐயோ, நக்காதடா, கூசுது!" என்று மரங்களுக்குள்ளிருந்து மகள் சிரித்தாள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மலையில் யாரும் சிரித்தபடி கிடைத்து அவர் பார்த்ததே இல்லை.

மகன் அதற்குள் தன் காலுறையை உருவிக்கொண்டிருந்தான். "அடுத்தது நான்தான் தொலைவேன்!"