மண் மாதிரி

"உங்க பொண்ணு பொய் சொல்லியிருக்கா. அதுவும் எழுத்துல!"

விவசாயப் பாட வாத்தியார் நோட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார். எதிரே நின்ற அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் தொழில் பிரிவு எடுத்த பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் லிட்மஸ். தொட்டதற்கெல்லாம் சிவந்துவிடுவாராம். அன்றைக்கு நன்றாகவே சிவந்திருந்தார்.

"என்ன சார் பண்ணிட்டா?"

"அவங்கவங்க நிலத்துல அஞ்சு இடத்துல குழி வெட்டி மண் எடுத்துட்டு வரச் சொன்னேன். இங்க வச்சு சோதனை பண்ணி, என்ன உரம் போடணும்னு எழுதணும். செய்முறைத் தேர்வே இதை வச்சுத்தான். உங்க பொண்ணு எழுதியிருக்கறதைப் பாருங்க. 'எங்கள் நிலத்தில் நானே எடுத்த மண்.' நானேவாம்!"

அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கொஞ்சம் மண்ணைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, இரண்டு சொட்டு ஆசிட் விட்டார். மண் புஸ்ஸென்று நுரைத்தது.

"பார்த்தீங்களா? இந்தப் பக்கத்து வயல் மண் எதுவும் இப்படிப் பொங்காது. இது சிமென்ட். வர்ற வழியில எவனோ வீடு கட்டற இடத்துல ஒரு கை அள்ளிட்டு வந்திருக்கா. என்ன சோம்பேறித்தனம்! நான் சைபர்தான் போடுவேன். சைபர்னா வருஷமே போச்சு, தெரியுமில்ல?"

"அவ எடுக்கலை சார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"நல்லா இருக்கு! பொண்ணு பொய்க்கு அப்பா சாட்சியா? நீங்க விவசாயிதானே? வயல் மண்ணுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது?"

"தெரியும் சார். ஆனா இது எங்க நிலத்து மண்ணுதான்."

"அட, மறுபடியும் பாரு!"

"கதவைச் சாத்திக்கட்டுமா சார்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே சாத்தினார்.

"நிலம் இப்போ எங்ககிட்ட இல்லை. அவ அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வித்துட்டேன். அவளும் போயிட்டா, நிலமும் போயிடுச்சு. வாங்கினவங்க அடுக்குமாடி கட்டறாங்க. அங்கேதான் சார் நான் கலவை போடறேன்."

வாத்தியார் எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பொண்ணுக்குத் தெரியாதா?"

"சொல்ல வாய் வரலை சார். ஸ்கூல் திறந்தப்போ விண்ணப்பத்துல விவசாயம்னு எழுதிக் கொண்டுவந்து காட்டினா. 'இனிமே நம்ம நிலத்தை நான் பார்த்துக்கறேன்ப்பா'ன்னா. நான் என்னத்தைச் சொல்ல? தினமும் வயலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பறேன். இப்போ மண்ணு வேணும்னா. பஸ்ஸுல போகவர ரெண்டு மணி நேரம், வெயில்ல அலையாதே, நானே கொண்டாறேன்னேன். சரின்னுட்டா. மூலையில இன்னும் கை வைக்காத இடம் கொஞ்சம் இருக்கு சார், அங்கே பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். சிமென்ட் அங்கேயும் வந்து விழுந்திருக்கும்போல."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டா."

"சொல்லலை. நீங்க கவலைப்படாமப் போங்க. எங்கள் நிலத்து மண்ணுன்னு அவ எழுதினது உண்மைதானே? அந்த 'நானே'வுக்கு மட்டும் ஒரு மார்க் குறைச்சுக்கறேன்."

அதுதான் லிட்மஸ். அந்த ஒரு மார்க்கை விட மனசு வராது.

மத்தியானம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் மண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. ஆசிட் பழசாயிடுச்சு, அதான் தப்பாக் காட்டிடுச்சு. வகுப்புல எல்லார் முன்னாடியும் கத்தினதை மனசுல வச்சுக்காதே." பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆசிட் சரியாத்தான் சார் காட்டியிருக்கு. அது சிமென்ட்தான்."

வாத்தியார் வெடுக்கென்று திரும்பினார்.

"அப்பா சட்டையைத் துவைக்கறது நான்தானே சார்? வயலுக்குப் போறவர் சட்டையில சேறு இருக்கணும். பாக்கெட்டுல சிமென்ட் கல்லாட்டம் இறுகிக் கிடந்துச்சு. ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டேன். தலையில கலவைச் சட்டியோட நின்னாரு. அவர் என்னைப் பார்க்கலை."

"எப்போ இது?"

"இந்தப் பாடத்துல சேர்றதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா விவசாயம் எடுத்தே?"

"நர்சிங்னுதான் சார் முதல்ல எழுதினேன். அம்மாகூட ஆஸ்பத்திரியில இருந்ததுல அந்தப் படிப்பு மேல ஒரு ஆசை. அப்புறம் அதை அடிச்சிட்டு மாத்தி எழுதினேன். சின்னப் பிள்ளையிலேர்ந்து நிலத்தை நான்தான் பார்த்துக்குவேன்னு சொல்லிட்டிருந்தவ. திடீர்னு வேற எழுதினா, எனக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னு அப்பா கண்டுபிடிச்சுட மாட்டாரா?"

வாத்தியார் எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறார்! இதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

"ஏம்மா, உங்கப்பாகிட்ட உட்கார்ந்து பேசிடக் கூடாதா? எத்தனை நாளைக்கு இப்படி?"

"ஐயோ, வேண்டாம் சார்! நீங்களும் சொல்லிடாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றாள் அவள் பதறிப்போய். "எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, நாளைக்குக் காலையில எங்கே போறேன்னு சொல்லிட்டு சார் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவாரு?"