தூக்கிக் கட்டிய கயிறு

"கயிற்றை அவரே தூக்கிக் கட்டினார்னு சொல்லணும். அவ்வளவுதான்," என்றான் மனிதவள அதிகாரி.

செத்துப்போனவரின் மனைவி அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அழுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா?

ரப்பர் அரைக்கும் உருளைகளுக்கு மேலே, குறுக்காக ஒரு கயிறு ஓடும். கை மாட்டிக்கொண்டால் அதை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், இயந்திரம் அப்படியே நின்றுவிடும். யாருடைய தோள் தெரியாமல் பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் சிக்கல். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறையும். அதனால் அதை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொன்னது நிர்வாகம்.

உருளை அவள் கணவரின் சட்டைக் கையைக் கவ்வியபோது கயிறு அங்கேதான் இருந்தது, எட்டாத உயரத்தில்.

இனி அதைக் கட்டியவர் அவராகவே இருக்க வேண்டும். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்துகொண்டிருந்தார். அதற்குள் அவளைப் பழக்கி வைத்தாக வேண்டும். "வேற யார் போனாலும் அந்தம்மா மூஞ்சியிலயே கதவைச் சாத்திடும். நீ போ," என்றிருந்தார் மேலாளர். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். வாயிலிருந்து வந்தது "சரிங்க சார்."

"இதே வீட்டுல நீங்க இருந்துக்கலாம். பேக்கிங்ல உங்களுக்கு ஒரு வேலையும் போட்டுத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. வேற மாதிரி ஏதாவது சொல்லிட்டா..."

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. அது கம்பெனி வீடு. அவளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அதை அவிழ்த்துவிடச் சொல்லி உங்ககிட்டயே வந்து சொன்னாரே, தம்பி," என்றாள்.

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

சொன்னது உண்மைதான். சாப்பாட்டு வேளையில் அவன் மேசைக்கே வந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் இருந்ததால் அவனை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். உட்காரவும் இல்லை. பார்க்கிறேன் என்றான் அவன். மறுநாளும் வந்து நின்றார். ஆகட்டும், சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை. மேலாளரிடம் வலியப் போய்க் கெட்ட பேர் வாங்கிக்கொள்ள யாருக்கு ஆசை?

வாசலில் கார் வந்து நின்றது. ஆய்வாளர் கம்பெனிக் காரிலிருந்தே இறங்கினார்.

அவன் எழுந்து நாற்காலியை அவருக்குப் போட்டான். உள்ளே போய்த் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தான். பிறகு பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஆய்வாளர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கயிறு தோளில் இடித்துக்கொண்டே இருக்கிறது, நானே தூக்கிக் கட்டிவிட்டேன் என்று வீட்டில் வந்து சொன்னாராம். பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

அவனுக்கு மூச்சு சீரானது. சீரானதை உணர்ந்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

"அவரோட கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா நல்லது," என்றார் ஆய்வாளர்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒரு தம்பி இருந்தாரு சார். அவரும் இப்ப இல்ல."

"த்சொ. ஒரே வீட்டுல அடுத்தடுத்து ரெண்டா," என்று ஆய்வாளர் உண்மையாகவே வருந்தினார். பாயில் இருந்தவன் காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

பேச்சுச் சத்தத்தில் உள்ளறைக் குழந்தை விழித்துக்கொண்டது. கண்ணைக் கசக்கியபடி வந்து, அறை நிலைப்படியில் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"சித்தப்பா!"

ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டது.

எழுதிக்கொண்டிருந்த ஆய்வாளரின் பேனா நின்றது. அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளை சார்," என்று சிரித்தான் அவன். "யாரைப் பார்த்தாலும் சித்தப்பாதான்."

அதற்குள் குழந்தையின் கை, எப்போதும்போல, அவன் சட்டைப்பைக்குள் புகுந்து மிட்டாய் தேடிக்கொண்டிருந்தது.