போகும்போது மட்டும் கொதிக்கும் வண்டி

"ஓட்டை இருந்தாத்தானே அடைக்க முடியும், தங்கையா? இல்லாத ஓட்டைய நான் எங்கன போய் அடைக்க?"

மெக்கானிக் ஐயப்பன் அம்பாசடரின் அடியிலிருந்து வெளியே வந்து கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். தங்கையனுக்கு அந்தக் கரமனை ஒர்க்‌ஷாப்பின் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"ஹோஸ் மாத்தியாச்சு. வாட்டர் பம்ப் பாத்தாச்சு. மூடிக்குப் புது வாஷர் போட்டாச்சு. கேஸ்கெட் போயிருந்தா ஆயில்ல தண்ணி கலந்து பாயசம் மாதிரி இருக்கும். அதுவும் இல்ல. பின்னே ரேடியேட்டர் தண்ணி எங்கதான் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மேஸ்திரி உங்ககிட்ட வாறேன்?"

ஆரியசாலை மிளகு வியாபாரி வேதமாணிக்கத்திடம் தங்கையன் டிரைவராகச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. வாரந்தோறும் முதலாளியை வித்துரா சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும். வித்துராவுக்குச் சற்று முன்னால் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். பானட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பும். "அந்த வளைவுல நிறுத்து, கிணறு இருக்கு" என்பார் முதலாளி. அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டமாட்டார். பத்திரிகையை விரித்துக்கொள்வார்.

திட்டுகிற வேலையை அவர் மனைவி ரத்னாபாய் முழுதாக எடுத்துக்கொண்டிருந்தாள். "தண்ணி பாக்காம வண்டி எடுத்தா எஞ்சின் இறுகிப் பிடிக்காதா? இனி ஒரு தடவ வழியில நின்னுதுன்னு கேட்டா, சாவிய வச்சிட்டு ஊரப் பாத்துப் போயிரு" என்று நேற்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தங்கையன் ரேடியேட்டரை வாய்வரை நிரப்பாமல் வண்டி எடுத்ததே கிடையாது. மார்த்தாண்டத்திலிருந்து மனைவியை அழைத்துவந்து வாடகை அறையில் குடிவைத்திருக்கிறான். அவள் பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் வேலை போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"திரும்பி வரும்போதும் கொதிக்குமா?" என்றார் ஐயப்பன்.

"இல்ல. வரும்போது ஒரு சொட்டுக் குறையாது."

"போறதும் வாறதும் ஓட்டைக்குத் தெரியுமாடே?"

ஐயப்பன் மறுபடி குனிந்தார். பழைய தண்ணீரை வடித்துவிட ரேடியேட்டரின் அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. சுற்றிலும் அழுக்கு அப்பிக் கிடக்க, அதன் திருகு மட்டும் பளபளவென்று இருந்தது.

"இத யாரோ கையால திருகுறாங்க. வழியில எங்க வண்டிய விட்டுட்டுப் போவே?"

"நெடுமங்காட்டுல டீ குடிப்பேன். முதலாளி வண்டிலதான் இருப்பாரு."

"அவரு கண்ணசந்திருப்பாரு. உனக்கு முந்தி இருந்த டிரைவர் இப்ப எங்க?"

"நெடுமங்காட்டு ஸ்டாண்டுலதான் டாக்சி ஓட்டுறான்."

"அப்ப வேற ஆளத் தேட வேண்டாம்." ஐயப்பன் திருகைச் சுற்றிக் கம்பியை இறுக்கி முறுக்கினார். "இனி குறடு இல்லாம ஒருத்தனும் திறக்க முடியாது. போ."

மறுநாள் நெடுமங்காட்டில் தங்கையன் வாய் பொசுங்க டீயை விழுங்கிவிட்டு ஓடிவந்தான். பழைய டிரைவரைக் காணவில்லை. முதலாளி மட்டும் வெளியே நின்று கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. வயசாகிவிட்டது மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டான்.

மேடு ஏறியும் முள் நடுவிலேயே நின்றது. பல வாரத்துப் பாரம் தோளிலிருந்து இறங்கினாற்போல இருந்தது தங்கையனுக்கு.

"எவனோ குழாயத் திறந்து விட்டிருக்கான் முதலாளி. கம்பி போட்டுக் கட்டியாச்சு. இனி நிக்காது."

"ம். நல்லது" என்றார் வேதமாணிக்கம். நல்லது நடந்த குரலாக அது இல்லை.

வளைவு வந்தது. வழக்கமாகத் தண்ணீர் தரும் ராகேல் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வயதான அம்மா, தனியாக இருப்பவள். முதல் தடவை தங்கையன், "முதலாளிக்கும் குடிக்க ஒரு தம்ளர் தாங்கம்மா" என்று கேட்டபோது, "கொதிக்குற வண்டிக்குத் தண்ணி இல்லேன்னா பாவம். கிணத்துல போய் கோரிக்கோ. அதுல இருக்குற ஆளுக்குக் கிடையாது" என்று வெட்டிவிட்டாள். மிளகை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வியாபாரிகள்மேல் மலைப்பக்கத்துக்காரர்களுக்கு உள்ள கடுப்பு என்று அவன் விட்டுவிட்டான்.

இன்று அவளே வாளி நிறையத் தண்ணீர் கோரி வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். பாவமாக இருந்தது. வண்டியை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னைக்கு வேண்டாம்மா. வண்டி சரியாயிட்டு."

ராகேல் வாளியைக் கீழே வைத்தாள். அவனைத் தாண்டிப் பின்சீட்டு ஜன்னலுக்கு வந்தாள். முதலாளி பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"உன் டிரைவர் கிணத்துக்குப் போற நேரமெல்லாம் நீ இறங்கி அந்தக் குழாயத் திருகி மூடுறத வேலிக்கு உள்ள நின்னு பாத்துட்டுத்தான் இருக்கேன், அண்ணே" என்றாள் ராகேல். "எங்க வீட்டுக்காரரு அடக்கத்துக்குக் கூடப்பொறந்த நீ வரலேங்குற கோவத்துல, என் வீட்டுத் தண்ணி இனி உனக்குக் கிடையாதுன்னு சொன்னவ நான்தான், இப்ப நானே சொல்லுதேன், இறங்கி வந்து குடி."