நாலாவது மாடியில் நிற்காத லிஃப்ட்

"நாலாவது மாடியில ஏன் நிறுத்தலை?"

மேனேஜர் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. லிஃப்ட்காரர் மூன்றாவது தடவையும் கையிலிருந்த தொப்பியைத்தான் பார்த்தார்.

ஐந்தாவது மாடியில், மேனேஜர் அறை மேஜைமேல் புகார்ப் புத்தகம் விரிந்து கிடந்தது. ஆறு வாரத்தில் பதினேழு புகார். கையெழுத்துதான் வேறு வேறு, சங்கதி ஒன்றே. நாலாவது மாடி என்று சொல்லி ஏறினால், லிஃப்ட்காரர் காதிலேயே வாங்காமல் ஐந்துக்குக் கொண்டுபோய், அப்புறம்தான் கீழே இறக்கி விடுகிறார்.

அந்த ஐந்து மாடிக் கடைக்கு இது சின்னக் குற்றமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்க வேண்டும், யாரும் இறங்காவிட்டாலும். கதவைத் திறந்து, அங்கே என்னென்ன கிடைக்கும் என்று குரல் கொடுக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன் பெரிய முதலாளி போட்ட சட்டம் அது. "வாங்குறது அவங்க இஷ்டம், காட்டுறது நம்ம கடமை" என்பாராம். ஊசி வாங்க வந்தவர் கம்பளியோடு திரும்பியது அப்படித்தான். ஒன்றும் வாங்காமல் ஐந்து மாடியையும் பார்த்துவிட்டுப் போகவும் ஜனம் வந்தது. இன்றைக்கும் வருகிறது.

"மத்த நேரமெல்லாம் ஒழுங்கா நிறுத்துறார் சார்" என்றாள் நாலாவது மாடியில் குழந்தைச் சாமான் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். "மத்தியானம் ஒரு மணி ஆனா மட்டும் என் மாடி இந்த உலகத்திலேயே கிடையாது. பசி வந்தா பத்தும் பறந்து போகும்பாங்க. இவருக்குப் பதினொண்ணாவதா என் மாடியும் பறந்து போகுது!"

மேனேஜர் அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சாப்பிடப் போற அவசரமா?"

"இல்லைங்க சார்."

"அந்த அம்மா மேல கோபமா?"

"ஐயோ, அவங்க வாய்தான் அப்படி. மனசு தங்கம்."

"பின்னே?"

"காரணம் இருக்குங்க. சொன்னா வேற ஒண்ணு கெட்டுப் போயிடும்."

"சொல்லலைன்னா உங்க வேலை கெட்டுப் போயிடும். ஓய்வு பெற இன்னும் எட்டே மாசம். யோசிச்சுக்குங்க."

லிஃப்ட்காரர் லேசாகச் சிரித்தார். "முப்பத்தொரு வருஷமா தினம் நூறு தடவை மேலே போயிருக்கேன் சார். கீழே இறங்கவும் தெரியும்."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. இந்தக் கடைக்கு வந்து நாலு மாதமே ஆன தன்னை இளக்காரமாக நினைக்கிறாரோ?

"நாளைக்கு ஒரு மணிக்கு நாலாவது மாடியில நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேங்க சார்."

மேனேஜர் வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட்காரர் தொப்பியை மேஜை ஓரத்தில் வைத்தார். ஊழியர்கள் லிஃப்டில் போகக் கூடாது என்பதும் கடைச் சட்டம்தான். ஐந்து மாடிப் படியையும் ஒவ்வொன்றாக இறங்கிப் போனார்.

மறுநாள் காலையே லிஃப்டில் பொத்தான் வைத்தாகிவிட்டது. எல்லா மாடியிலும் தானாக நிற்கும்; பதிவு செய்த குரல் ஒன்று பேசும். சரியாக நிற்கிறதா என்று பார்க்க மேனேஜர் ஒரு மணிக்குக் கீழே வந்தார். அதே நேரம், தினமும் போல அவர் மனைவி சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்தாள்.

"என்னங்க, நீங்க கீழே நிக்கிறீங்க?"

"புது லிஃப்ட். வா, ஏறிப் பார்ப்போம்."

ஒன்று. இரண்டு. மூன்று. கதவுகள் ஒழுங்காகத் திறந்து மூடின. மேனேஜருக்குத் திருப்தி.

நாலாவது மாடியிலும் கதவு திறந்தது. நேர் எதிரே ஒரு தொட்டில்.

அதே மாதிரி ஒன்று, சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல், அவர்கள் வீட்டில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பிறந்து மூன்றே நாள் இருந்த குழந்தைக்குத் தொட்டில் தேவைப்படவில்லை. நாலாம் நாள் மேனேஜர் வேலைக்கு வந்துவிட்டார். அதைப் பற்றி இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதிவுக் குரல் நிதானமாகப் பேசி முடித்த பிறகுதான் கதவு மூடியது.

"இன்னிக்கு மட்டும் ஏங்க இங்கே நிறுத்தச் சொன்னீங்க?" என்றாள்.

"நானா?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஆறு வாரத்துக்கு முன்னாடி முதல் தடவை வந்தப்போ இந்தத் தொட்டிலைப் பார்த்துட்டு லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுட்டேன். நான் யாரு, என்னன்னு லிஃப்ட்கார அண்ணன் கேட்டார். எல்லாத்தையும் கொட்டிட்டேன். உங்க ரூமுக்கு வந்தா நீங்க ஃபைல்லேர்ந்து தலையைக்கூடத் தூக்கலை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிட்டேன். இறங்கும்போது அண்ணன் இங்கே நிறுத்தலை. ஏன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'ஐயா உத்தரவும்மா. நீங்க ஏறினா இந்த மாடியைத் திறக்கவே கூடாதாம். அவர் மனசுல இருக்கறதை வெளியே காட்டிக்கற ஆள் இல்லை, நீங்களும் கேட்டுடாதீங்க'ன்னார்."

மேனேஜர் லிஃப்ட்காரர் நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பொத்தான்கள்தான் இருந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு உங்களை விட்டுட்டு எங்கம்மா வீட்டுக்கே போறேன்னு சொல்லத்தாங்க வந்தேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் போகாம நின்னேன்."